அண்ணனைக் கேட்டு அறுத்த பூட்டு

நேற்று இனிப்புப் பெட்டியைக் கையால் தள்ளிவிட்டு ராத்திரி வேலைக்குக் கிளம்பினாளே, அந்தப் பெட்டி இந்நேரம் வரைக்கும் சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் கிடக்கும். குனிந்து எடுக்கிற பழக்கம் அந்த வீட்டு ஆம்பளைக்குக் கிடையாது. பிஸ்கட் கம்பெனியின் பெரிய அடுப்புக்குள்ளே முட்டி போட்டு உட்கார்ந்து, தேய்ந்துபோன பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோதும் அவளுக்கு அந்த நினைப்புதான்.

எதற்கு இனிப்பு? கொழுந்தனுக்குப் பதவி உயர்வு. பராமரிப்புப் பிரிவுக்கு அவன்தான் இனிமேல் தலைமை மெக்கானிக். பதவியின் பேர் இல்லாமல் அந்த வேலையை வருஷக்கணக்காக இழுத்துப் போட்டுச் செய்தவள் இவள். ஊரில் மெக்கானிக்கல் படித்து, மில்லில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவள். அந்தக் கைத்திறமைக்காகவே இந்த நாட்டுக்காரன் கூப்பிட்டு விசா கொடுத்தான். அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு புருஷன் வந்தான், மகள் வந்தாள். பிறகு மேனேஜர் அறை வாசலில் நின்று நின்று சொல்லிக் கொழுந்தனையும் வரவழைத்தாள். வந்தவனுக்கு இந்த அடுப்பின் மூலைமுடுக்கெல்லாம் காட்டிக் கொடுத்ததும் அவள்தான். இன்றைக்கு அவன் இவளுக்கு மேலே.

அதுகூடப் போகட்டும். விஷயம் புருஷனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நேராக இனிப்போடு வந்து நின்று, "யாருக்கு வந்தா என்ன, நம்ம குடும்பத்துக்குள்ளதானே இருக்கு" என்றான். அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது. காலையில் வீட்டுக்கு வருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சொன்னபடியே ஷிப்ட் முடிந்தும் அவள் கிளம்பவில்லை. கூட இருந்த ஆள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டு வருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு இவள் மறுபடி உள்ளே போனாள். வேலை பாக்கி இருந்தது உண்மை. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

அந்த அடுப்பு என்றால் சமையல்கட்டு அடுப்பு இல்லை. ரயில் பெட்டிகளைக் கோத்து நிறுத்தியது மாதிரி நீளமான இரும்புக் குகை. நடுவில் ஓர் இரும்புப் பட்டை ஓடும். ஒரு முனையில் மாவாக ஏறுவது மறு முனையில் பிஸ்கட்டாக இறங்கும். பட்டைக்கு மேலும் கீழும் காஸ் நெருப்பு. பழுது பார்க்கிறவர்கள் சுவர்ப் பக்கமுள்ள சின்னக் கதவு வழியாக நுழைந்து, தவழ்ந்துதான் போக வேண்டும்.

அதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு. அதில் அவரவர் போட்டோ ஒட்டியிருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். அந்தப் பூட்டை மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. ஆள் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், இரண்டு பேர் அடுப்பைச் சுற்றி வந்து உள்ளே பார்க்க வேண்டும்; பிறகு பூட்டுக்காரரையே போனில் கூப்பிட்டு, அவர் குரலைக் காதால் கேட்க வேண்டும். அப்புறம்தான் அறுக்கலாம். இந்தக் கம்பெனியில் மற்ற விஷயங்களில் எத்தனையோ கண்துடைப்பு உண்டு. பூட்டு விஷயத்தில் மட்டும் கிடையாது. அறுத்தவன் முறை தவறினால் அன்றைக்கே வேலை போய்விடும்.

புதுப் பேரிங்கைப் பொருத்தி, கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள். ப்ளோயர் உறுமியது.

முதலில் பக்கத்து அடுப்பு என்று நினைத்தாள். முகத்தில் காற்று அடித்த பிறகுதான் புரிந்தது. ப்ளோயர் ஓடுகிறது என்றால் உள்ளே தேங்கிய காஸை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். தள்ளி முடித்ததும் தானாகவே நெருப்புப் பிடிக்கும். இது அவளுக்குத் தெரிகிற மாதிரி அந்தக் கட்டடத்தில் வேறு எவனுக்கும் தெரியாது.

முட்டிக்குக் கீழே பட்டை நகர ஆரம்பித்தது. கதவு இருக்கிற திசைக்கு எதிர்த்திசையில், நெருப்பு வாய்களை நோக்கி, அவளை மெதுவாகக் கொண்டுபோயிற்று.

கத்தவில்லை. அந்தச் சத்தத்தில் கத்தி என்ன ஆகப் போகிறது? திரும்பி, பட்டையை எதிர்த்து, நாலு காலில் ஓடினாள். போல்ட் ஒன்று முட்டியைக் கிழித்தது. கதவு விளிம்பு கையில் தட்டுப்பட்டதும் உடம்பை அப்படியே வெளியே உருட்டிப் போட்டாள். சுவருக்கும் அடுப்புக்கும் நடுவே விழுந்து எழுந்து, சுற்றிக்கொண்டு ஓடிவந்து, சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

கூடமே அடங்கிப்போயிற்று.

சுவிட்ச் பலகைக்கு முன்னால் கொழுந்தன் நின்றிருந்தான். தலையில் தலைமை மெக்கானிக்கின் வெள்ளை ஹெல்மெட். அன்றைக்குத்தான் முதல் நாள். கையில் நீளப் பிடி போட்ட கட்டர். காலடியில் அவள் பூட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது. போட்டோவில் அவள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

"அண்ணி..." என்றான்.

"யாரக் கேட்டு அறுத்த?"

"அண்ணன்கிட்ட கேட்டேன் அண்ணி. நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க, தூங்கறீங்கன்னு அண்ணன் சொன்னான்."

அவளுக்கு ஒரு கணம் புரியவே இல்லை. புரிந்தபோது முட்டியில் வழிந்த ரத்தம் சூடாகத் தெரிந்தது.

"பூட்டு என்னோடது. எனக்கு ஏன் போன் பண்ணல?"

அவன் கட்டரைக் கை மாற்றிக்கொண்டான். "நீங்க எம்மேல கோவமா இருப்பீங்கன்னு... உங்ககிட்ட பேச ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் அண்ணனக் கேட்டேன்."

பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தில் என்றைக்குமே இதுதான் வழக்கம். அவளுக்குத் தலைவலியா என்று புருஷனைக் கேட்பார்கள். அவள் லீவு எப்போது, அவள் ஊருக்கு வருவாளா, இன்னொரு குழந்தை எப்போது, எல்லாம் புருஷனிடம்தான். ஊரிலிருந்து மாமியார் போனில் பேசும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவளைப் பற்றிய கேள்வி அவளைத் தாண்டிப் போகும். வருஷக்கணக்கில் அவள் அதைச் சிரித்து விட்டிருக்கிறாள். இன்றைக்கு அதே வழக்கம் அவளை அடுப்பில் வைத்துப் பற்றவைக்கப் பார்த்தது.

கொழுந்தன் அவளை உதிரி பாகங்கள் வைக்கிற அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினான். மன்னிப்பு முதலில் வந்தது, பின்னாலேயே வேண்டுகோள் வந்தது. உற்பத்திப் பிரிவு ஆள் மாவு வீணாகிறது என்று காதில் கத்தினான், முதல் நாளே பேர் கெட்டுவிடும் என்று பயந்துவிட்டான். சுற்றி வந்து பார்க்கவில்லை. பூட்டுக்காரர் வீட்டில் இருப்பது உறுதியாகிவிட்டது என்று பாதுகாப்பு அதிகாரியிடம் ஏற்கெனவே சொல்லியும் விட்டான். இனி அதை மாற்ற முடியாது. மாற்றினால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். அவன் மனைவிக்கு இப்போதுதான் விசா வந்திருக்கிறது. கைக்குழந்தையோடு அடுத்த மாதம் வருகிறாள்.

"நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும் அண்ணி. பூட்ட மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன், ஞாபகம் வந்து திரும்ப ஓடிவந்தேன்னு. உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட போயிடும்."

எச்சரிக்கையோடு போகாது. அது அவனுக்கும் தெரியும். பூட்டை மறந்து போகிறவளைத் தனியாக இயந்திரத்தைத் தொட விடமாட்டார்கள். பூட்டைப் பிடுங்கிக்கொண்டு, இன்னொருவன் கண் பார்வையில் எண்ணெய் போடச் சொல்வார்கள். இத்தனை வருஷம் படித்ததும் உழைத்ததும் எண்ணெய்க் குப்பியில் போய் முடியும். வீட்டில் இடிபட்டாலும் வெளியில் தலை நிமிர்ந்து நடக்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு சிவப்புப் பூட்டுதான்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த அறையை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் மஞ்சள் வேன் வந்து நின்றது. புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரைக்கும் வீட்டில்தான் இருப்பான். தம்பி போன் பண்ணியதும் ஓடிவந்துவிட்டான். பிள்ளைகள் உட்காருகிற சின்ன இருக்கையில் இருவரும் முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அவள் முட்டியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றான்.

"எதுக்கு நான் வீட்டுல இருக்கேன்னு சொன்னீங்க?"

முதலில் சுற்றி வளைத்தான். நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன், எந்த நிமிஷமும் கதவு திறக்கும் என்று நினைத்தேன் என்றான். அவள் பார்வையை விலக்கவில்லை. கடைசியில் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, பொண்டாட்டி எங்க இருக்கான்னு எனக்கே தெரியலன்னு என் தம்பிகிட்ட சொல்லவா? அவன் என்ன நெனப்பான்?"

"தெரியலன்னு சொல்லியிருந்தா அவன் உள்ள வந்து பாத்திருப்பான்."

"அதான் ஒண்ணும் ஆகலயே. நல்லபடியா வந்துட்டியே."

அவள் அந்த வேனை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். மகள் உட்காருகிற ஜன்னல் ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளை விரலால் வரைந்த பூ. ஒன்றும் ஆகவில்லையாம். ஆகியிருந்தால் இவன் மத்தியானம் அந்த ஜன்னல் ஓரத்துப் பிள்ளையிடம் போய் என்ன சொல்லியிருப்பான்? அம்மா வீட்டில் தூங்குகிறாள் என்றா?

அவன் நிறுத்தவில்லை. தம்பி சொன்னதையே திருப்பிச் சொன்னான், கொஞ்சம் பாலீஷ் போட்டு. நீ கெட்டிக்காரி, உனக்கு வேறு இடம் கிடைக்கும், அவனுக்கு இதை விட்டால் கிடையாது. பச்சைக் குழந்தையின் பாவம் நமக்கு வேண்டாம். அம்மா காதுக்குப் போனால் தாங்கமாட்டாள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும், ஒருத்தர் விழுங்கித்தான் ஆக வேண்டும்.

"எப்பவும் அந்த ஒருத்தர் நானா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கினாள்.

பாதுகாப்பு அதிகாரி இந்த ஊர்க்காரி. காய்ந்த முகம், கட்டைக் குரல். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆபீஸில் சிரிக்கிறவர்களைவிட இப்படிப்பட்டவர்களை நம்பலாம், அதுவும் ஓரளவுக்குத்தான். அவளது மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி. ஒன்றில் இவள், ஒன்றில் கொழுந்தன். வெள்ளை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான்.

நடந்ததைச் சொல் என்றாள் அதிகாரி.

அறைக்குள் நுழைகிறவரைக்கும் இவளுக்கே தெரியாது, என்ன சொல்லப் போகிறோம் என்று. கைக்குழந்தை நினைப்பு வந்தது. மாமியார் அழுகை காதில் கேட்டது. நாளைக்கு ஊரே தன்னை என்ன பேசும் என்பதும் தெரிந்தது. கொழுந்தனைக் கூட்டிவந்தவளே துரத்திவிட்டாள் என்பார்கள். அவள் நெருப்புக்குள் இருந்ததை ஒருத்தரும் பேசமாட்டார்கள்.

ஆனால் வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது. ஒன்று விடாமல் சொன்னாள். எந்தப் பேரிங், எந்த நட்டு, ப்ளோயர் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எல்லாம். இந்த ஊர்ப் பாஷையில் அவளுக்கு வழக்கமாக வரும் தடுமாற்றம் அன்றைக்கு வரவில்லை.

அதிகாரி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சொன்னது வேறு. அப்படியானால் வீட்டில் இருப்பதாக உறுதி செய்தது யார் என்று கேட்டாள். அண்ணன் என்றான். அண்ணன் வாசலில்தான் நிற்கிறான் என்று தெரிந்ததும் உள்ளே கூப்பிடச் சொன்னாள்.

புருஷன் வந்து மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். பூட்டு அறுபட்ட நேரத்தில் உன் மனைவி எங்கே இருந்தாள்?

அவள் உடுப்பில் அடுப்புக் கரி. முட்டியில் ரத்தம் இன்னும் காயவில்லை. பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கை நீட்டினால் தொடலாம்.

"வீட்டுல" என்றான். இந்த ஊர்ப் பாஷையில், தப்பில்லாமல், தெளிவாக. வீட்டுக்கு வந்தாள், பூட்டு ஞாபகம் வந்ததும் திரும்ப ஓடினாள் என்றான்.

காலையில் சொன்ன பொய்யையாவது மானத்துக்குப் பயந்து, தெரியாமல் சொன்னான் என்று வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்து சொன்னது. அவள் எங்கே இருந்தாள், என்ன ஆகியிருப்பாள் என்று தெரிந்த பிறகு சொன்னது. அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. உள்ளே ஏதோ ஒன்று நட்டு கழன்று விழுகிற மாதிரி, ஓசை இல்லாமல் விழுந்தது.

"அவர் சொல்றது பொய்" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி அவனை விட்டுவிட்டுக் கொழுந்தனிடம் திரும்பினாள். புருஷன் சொன்னதை நான் கேட்கவில்லை, நீ அவள் குரலைக் கேட்டாயா, கேட்கவில்லையா?

புருஷன் தமிழில் முணுமுணுத்தான். "கேட்டேன்னு சொல்லுடா."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். பிறகு அவள் முட்டியைப் பார்த்தான். ஹெல்மெட்டை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"இல்ல" என்றான். "நான் அவங்ககிட்ட பேசவே இல்ல. உள்ளயும் பாக்கல."

அதோடு முடிந்தது. விசாரணை முடிகிறவரைக்கும் அவன் உள்ளே வரக் கூடாது என்று அதிகாரி சொன்னாள். இன்றைய அடுப்புப் பொறுப்பை ஏற்க முடியுமா என்று இவளைக் கேட்டாள். மேனேஜரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் இவள்.

நடைபாதைக்கு வந்ததும் புருஷன் வெடித்தான். "திருப்தியா? என் தம்பிய நடுத்தெருவுல நிறுத்திட்ட. அந்த வேலை உனக்கு வேணும், அதுக்குத்தானே இவ்வளவும்?"

"அண்ணா, நிறுத்து" என்றான் கொழுந்தன். அவன் அண்ணனிடம் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. "அண்ணி, அந்த வேலைய நான் கேக்கல. உங்களுக்குத்தான் தரப்போறதா இருந்துச்சு. அண்ணன் வந்து மேனேஜரப் பாத்தான். நீங்க இன்னொரு குழந்தைக்குப் பாத்துட்டு இருக்கீங்க, இனிமே ராத்திரி வேலையெல்லாம் உங்களால முடியாது, நீங்களே வேணாம்னு சொல்லச் சொன்னீங்கன்னு சொன்னான். அப்புறம்தான் என்னக் கூப்பிட்டாங்க."

நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது போகிறவரைக்கும் மூவரும் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றான் புருஷன். குரலில் பழைய வேகம் இல்லை. "அம்மாவும் கேட்டுட்டே இருந்தாங்க. நீ எந்நேரமும் இந்த இரும்போட... சரி விடு. வீட்டுக்கு வா. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டையில்கூட அது மாறினதில்லை.

"நான் வரல. யாராவது கேட்டா, வீட்டுலதான் இருக்கா, தூங்கறான்னு சொல்லிக்க. உனக்குத்தான் பழகிப்போச்சே."

அவன் முகம் செத்துப்போனது.

"பாப்பா கேட்டா?" என்றான்.

"அவகிட்ட எனக்காக நீ எதுவும் சொல்ல வேணாம். நான் பேசிக்கறேன்."

கொழுந்தன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவன் உண்மை சொன்னது நல்லதுதான். ஆனால் அதற்காக அவனுக்கு ஆறுதல் சொல்கிற நிலைமையில் அவள் இல்லை. அவன் மனைவி அடுத்த மாதம் எங்கே வந்து இறங்குவாள் என்கிற கவலையும் இவள் தலையில்தான் வந்து விடியும். இப்போது முடியாது.

இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டுப் படியேறினாள். முட்டி ஒவ்வொரு படிக்கும் வலித்தது. மேல் மாடியில் மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கதவுக்கு வெளியே கொழுந்தனுக்காக எத்தனை தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இன்றைக்குத் தட்டவில்லை. திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"என்னப் பத்தி என் வீட்டுக்காரர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்றாள். "சொன்னது அவர். இப்ப நான் சொல்றத கேளுங்க."